கொங்கு நாட்டில் சுகாதாரப் போதனை

சுகாதாரத்தை ஊராருக்கு எடுத்துச் சொல்லும் வேலை கோவை வட்டாரத்தில் அவசரமானது பிளேக் காலத்தில்தான். 1896-ல் பம்பாயில் தலைகாட்டிய நோய் 1903-ல் கோவைக்கு வந்தது. 1901-ல் 53,080 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1911-ல் 47,007 ஆகச் சுருங்கியது. வீட்டைக் காலி செய்யுங்கள், ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்பதே அன்றைய போதனை. முதலாவதை ஏற்பதில் மக்களுக்குத் தயக்கம் இல்லை. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் தட்டுமுட்டுச் சாமான்களோடு காட்டுக்குப் போய்க் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். செத்த எலியை விட்டு நீங்கும் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடித்தே நோய் பரவுகிறது; எனவே அந்த வழக்கம் உயிர்களைக் காத்தது.

ஊசியைக் கண்டுதான் பயந்தார்கள். அதை அறியாமை என்று தள்ளுவது நியாயமல்ல. 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்திருந்தனர். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன. இன்றும் வழிபாடு நடக்கிறது.

1939-ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டில் இத்தகைய சட்டம் அதுவே முதல். 1956-ல் மத்திய சுகாதாரக் கல்விப் பணியகமும், 1964-ல் காந்திகிராமத்தில் ஊரகச் சுகாதாரப் பயிற்சி நிறுவனமும் தோன்றியபின், சுகாதாரக் கல்வி தனிப் படிப்பாகவும் உத்தியோகமாகவும் வளர்ந்தது.

ஊரில் அதைச் சுமப்பவர் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். வயிற்றுப்போக்குக்கு அவர் கற்றுக்கொடுப்பது எளிய கணக்கு: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கலந்ததை முதலில் தாய் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது.

கோவையை அடுத்த சூலூர்ப் பக்கம் இந்த வேலைக்குத் தனிச் சிக்கல் உண்டு. சோமனூர் வரை நூற்பாலைகளும் விசைத்தறிக் கூடங்களும். கணவனும் மனைவியும் ஷிப்டுக்குப் போய்விட்டால் பகலில் வீடு பூட்டிக் கிடக்கும். செவிலியர் வந்தாலும் ஆளைப் பார்க்க முடியாது; ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அறிகுறி காட்டாமல் முற்றிவிடும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்தது. 2024-ல் அது தொழிலிடங்களுக்கும் நீண்டது.