இழப்புத் துயரும் உளப்பகுப்பாய்வும்

பிறந்தார் இறத்தல் இயற்கை என்பதை அறியாதார் இலர். ஆயினும், அன்புக்குரியார் மறைந்தபின் எஞ்சியிருப்போர் உள்ளத்தில் நிகழ்வது யாது? அவர்க்கு எவ்வாறு உதவுவது? இவ்வினாக்களுக்கு உளப்பகுப்பாய்வுத் துறை அளித்த விடை, ஒரு நூற்றாண்டுக்குள் பெரிதும் மாறியுள்ளது. அம்மாற்றத்தின் வரலாறு அறியத்தக்கது.

வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு 1915இல் எழுதி 1917இல் வெளியிட்ட 'துயரமும் உளச்சோர்வும்' என்னும் கட்டுரை இவ்வரலாற்றின் தொடக்கம் எனலாம். துயரம் நோயன்று, அஃது உள்ளம் ஆற்றும் பணி என்றார் அவர். இறந்தவர் இனி இல்லை என்னும் உண்மையை ஒவ்வொரு நினைவிலும் எதிர்கொண்டு, அவர்பால் வைத்த பற்றை உள்ளம் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்கிறது. உளச்சோர்விலோ, இழந்தவர்மீது எழும் சினம் தன்மீதே திரும்பித் தன்னையே பழிக்கச் செய்கிறது. இக்கட்டுரையின் வழியே, பற்றறுத்தலே குணமடைதல் என்னும் கருத்து வேரூன்றிற்று.

ஆனால், பிராய்டின் வாழ்வே அக்கருத்துக்குள் அடங்கவில்லை. 1920 சனவரியில் அவருடைய மகள் சோபி நச்சுக்காய்ச்சலால் 26ஆம் அகவையில் மறைந்தார். சோபியின் இளைய மகன் 1923இல் நான்கு வயதில் இறந்தான். 1929இல், மகனை இழந்திருந்த நண்பர் லுட்விக் பின்சுவாங்கருக்கு எழுதிய மடலில், இழந்தவர்க்கு ஈடு கிடைப்பதில்லை. அவ்விடம் நிரம்பாதிருப்பதே அன்பு தொடரும் வழி என்னும் பொருள்படப் பிராய்டு எழுதினார். கொள்கை வகுத்தவர் கூறாததைத் தந்தை கூறினார்.

மெலனி கிளைன் 1934இல் மலை விபத்தில் மகனை இழந்தவர். ஓர் இழப்பு, மழலைப் பருவத்து அச்சங்களை மீண்டும் எழுப்புகிறது என்று 1940இல் அவர் விளக்கினார். துயருறுவோர் இறந்தவரை உள்ளத்தினின்று அகற்றுவதில்லை. உள்ளத்தினுள்ளே மீண்டும் குடியமர்த்துகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1942 நவம்பர் 28 அன்று ஒரு கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அதில் உறவினரை இழந்தோர் உள்ளிட்ட பலரைக் கண்டு ஆராய்ந்த எரிக் லிண்டமன், பெருமூச்சு, சோர்வு, குற்றவுணர்வு ஆகிய அறிகுறிகளை 1944இல் தொகுத்துரைத்தார். சிக்கலற்ற துயரை எட்டுப் பத்துச் சந்திப்புகளில், நான்கு முதல் ஆறு வாரங்களில் தீர்த்துவிடலாம் என்று அவர் நம்பினார். பின்வந்த ஆய்வுகள் அந்நம்பிக்கையை மறுத்தன.

இங்கிலாந்தின் ஜான் போல்பி, துயரத்தின் வேரைக் குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பில் கண்டார். தாயைப் பிரிந்த குழந்தை தேடி அழுவதுபோலவே இழந்தோரும் தேடுகின்றனர். காலின் முர்ரே பார்க்சு இலண்டன் கைம்பெண்களிடம் நிகழ்த்திய ஆய்வு இதற்கு வலுவூட்டியது. மறைந்த கணவர் அருகிலிருப்பதாக உணர்தல் நோயன்று என்பதைப் போல்பி 1980இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். 1996இல் டென்னிசு கிளாசு முதலிய அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட 'தொடரும் பிணைப்புகள்' என்னும் நூல் இக்கருத்தை மேலும் நிலைநாட்டியது.

இம்மாற்றம் மருத்துவரின் பணியையும் மாற்றிற்று. முன்னர்ப் பற்றை விடுவிக்க முயன்றவர், பின்னர் இறந்தவரைப் பற்றிப் பேச இடந்தந்து, அன்போடு கலந்த சினத்தையும் குற்றவுணர்வையும் பொறுமையுடன் கேட்பவரானார். எனினும், எல்லாத் துயரும் தானே தணிவதில்லை. நெடிது நீண்டு வாழ்வை முடக்கும் துயரை, அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2022இல் தன் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தது. இயல்பான துயருக்கும் காலக்கெடு விதித்துவிடுமோ என்னும் அச்சத்தையும் அது எழுப்பிற்று.

துயருற்றோரை நோக்கி 'மறந்துவிடு' என்பது எளிது. மறத்தல் வேறு, ஆறுதல் வேறு என்பதே இந்நூற்றாண்டு வரலாறு உணர்த்தும் உண்மையாகும். மறைந்தவர்க்கு உள்ளத்தில் உரிய இடத்தைத் தந்தபின்னரே, இருப்போர் வாழ்வைத் தொடர இயலும்.