தொட்டிலருகே ஒரு தமக்கை

பாரிஸ் நகரின் ஓர்சே நூதனசாலையில் ‘தொட்டில்’ என்னும் சித்திரம் உள்ளது. 1872இல் பேர்த் மோரிசோ தீட்டியது. தொட்டிலில் உறங்கும் குழந்தை அவருடைய தமக்கை எட்மாவின் மகள் பிளான்ஷ். அருகில் தலையைக் கையில் தாங்கி அமர்ந்திருப்பவர் எட்மா. தாயும் சேயும் என்று பலரும் பார்த்துவிட்டுக் கடந்து செல்லும் படம் இது. ஆனால் அந்தத் தாயும் ஓர் ஓவியர்.

சகோதரிகள் இருவரும் ஒன்றாகவே சித்திரம் பயின்றனர். பாரிஸ் நுண்கலைக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஆகவே தனி ஆசிரியர்களிடம் கற்றார்கள். லூவர் நூதனசாலையில் பழைய மேதைகளின் படங்களைப் பார்த்து வரைந்து பழகினார்கள். இப்பிள்ளைகள் பொழுதுபோக்குக்கு வரைவதோடு நிற்கமாட்டார்கள், ஓவியராகவே ஆகிவிடுவார்கள் என்று ஆசிரியர் கிஷார் தாயாரை எச்சரித்ததாகச் சொல்வர். 1864இல் புகழ்பெற்ற சலோன் கண்காட்சியில் இருவரின் படங்களும் இடம்பெற்றன.

1869இல் எட்மா கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து பாரிஸை விட்டுச் சென்றார். அத்தோடு தூரிகையையும் வைத்துவிட்டார். மனத்தளவில் தங்கையின் ஓவிய அறையிலேயே தாம் இருப்பதாக அவர் கடிதம் எழுதினார்.

மூன்று ஆண்டுகளின் பின் தங்கை தீட்டிய படத்தில், குழந்தையின் மடித்த கையைப் போலவே தாயின் கையும் மடிந்திருக்கிறது. மறு கையால் எட்மா தொட்டிலின் மெல்லிய திரையைப் பிடித்து, குழந்தையை நம் பார்வையிலிருந்து சற்றே மறைக்கிறார். முகத்தில் அன்பு உண்டு, களைப்பும் உண்டு, ஏதோ யோசனையும் உண்டு. கூடப் படித்தவளுக்குத் தெரிந்த முகம் அது.

1874இல் மனப்பதிவுவாத ஓவியர்களின் முதற் கண்காட்சியில் இப்படம் வைக்கப்பட்டது. விலைபோகவில்லை. குடும்பத்திலேயே இருந்து, 1930இல் லூவர் அதனை வாங்கியது. பேர்த்தும் அதே 1874இல் மணமுடித்தார். 1878இல் ஜூலி என்ற மகள் பிறந்தாள். அவர் தூரிகையை விடவில்லை. மகளையே பல தடவை தீட்டினார். ஆயினும் 1895இல் அவர் இறந்தபோது, மரணச் சான்றிதழில் ‘தொழில் எதுவுமில்லை’ என்றே எழுதினார்கள்.

எட்மாவின் படைப்புகளில் இன்று கிடைப்பவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, ஓவியம் தீட்டிக்கொண்டு நிற்கும் தங்கையின் படம். அக்கா தங்கையைத் தூரிகையோடு தீட்டினார்; தங்கை அக்காவைத் தொட்டிலோடு தீட்டினார்.

இந்த மலரில் பட்டமும் பதவியும் பெற்ற நம் பழைய மாணவிகள் பலரின் பெயர்கள் உள்ளன. சித்திர வகுப்பில் முதலாவதாக வந்து, பின்னர் வீட்டுக்காகத் தூரிகையை வைத்துவிட்ட ஒருத்தி நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் இருந்திருப்பாள். அவளுடைய பெயரையும் இந்நாளில் நினைத்துக்கொள்வோம். முகவரி தெரிந்தால், ஒரு கடிதம் எழுதுவோம்.