எட்டா, ஒன்பதா? இரத்தம் உறையாமையின் கதை

பல் விழுந்த பிள்ளைக்கு இரவெல்லாம் இரத்தம் நிற்கவில்லை. கிள்ளானில் உள்ள ஒரு குடும்பம் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? இரத்தம் உறையாதது கண்ணுக்கே தெரிகிறது. அதில் எது குறைகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி பிறந்த கதையைச் சொல்கிறேன்.

1947இல் அர்ஜென்டினா மருத்துவர் பாவ்லோவ்ஸ்கி ஒரு விந்தையை எழுதினார். ஹீமோபீலியா நோயாளிகள் இருவரின் இரத்தத்தைக் கலந்தபோது அது ஒழுங்காக உறைந்ததாம்! ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்திருக்கிறது. விடை 1952 டிசம்பரில் வந்தது. ஐந்து வயதுச் சிறுவன் ஸ்டீபன் கிறிஸ்மஸின் இரத்தத்தில் குறைவது வேறு பொருள் என்று ஆக்ஸ்போர்டில் ரோஸ்மேரி பிக்ஸ் குழுவினர் காட்டினார்கள். நோய்க்கும் அவன் பெயரையே வைத்தார்கள். கட்டுரை வெளியானதும் கிறிஸ்மஸ் வாரத்தில்தான்! மற்றவர்களுக்குக் குறைவது எட்டாம் காரணி. அவனுக்குக் குறைந்தது ஒன்பதாம் காரணி.

எண்ணில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 1964இல் ஜூடித் பூல், உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கி, 'கிரையோ' என்ற மருந்தைப் பிரிக்கும் வழியைச் சொன்னார். அதில் எட்டாம் காரணி நிறைய உண்டு. ஒன்பதாம் காரணிக்காரருக்கு அதை ஏற்றிப் பயனில்லை.

நம் நாட்டில் இத்தகைய பரிசோதனைகளுக்குப் பேர்பெற்ற இடம், கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இரத்த மையம். சாதாரண ஆய்வகம் உறையும் நேரம் நீள்வதைச் சொல்லும். எந்தக் காரணி, எத்தனை விழுக்காடு, ஏற்றிய மருந்தையே உடல் எதிர்க்கிறதா என்பதைச் சொல்ல இங்கே வர வேண்டும். நீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். குழாய் நிரம்பாவிட்டால் கணக்குத் தப்பும். நேரம் கடந்தால் எட்டாம் காரணி தானே குறைந்துவிடும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல் அதற்குத் தெரியுமா? அதனால்தான் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து அனுப்புகிறார்கள், அல்லது நோயாளியையே நேரில் வரச் சொல்கிறார்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று நம்மவர்கள் பழி பேசுவதுண்டு. ஹீமோபீலியாவுக்கு அது காரணமன்று. தாய்வழி வரும் நோய்தான். ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்ததில்லை. சொந்தத்தில் மணந்தவர்கள் கவனிக்க வேண்டியது அரிதான வேறொன்று: பதின்மூன்றாம் காரணிக் குறைபாடு. பிறந்த குழந்தைக்குத் தொப்புளில் இரத்தம் கசியும். வழக்கமான உறைவுப் பரிசோதனைகளோ சரியாகவே இருக்கும்! எல்லாம் நார்மல் என்று சீட்டு வந்த பிறகும் தொப்புளில் கசிவு நிற்காவிட்டால், பதின்மூன்றாவதைப் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.