குரூணில் சந்திக்கும் மின்சாரம்

சுங்கை பட்டாணியிலிருந்து பழைய சாலையில் வடக்கே போனால், பீடோங்கைத் தாண்டியபின் ஜெராய் மலை இடப்பக்கம் கூடவே வர, குரூண் பட்டணம் வந்து சேரும். சுற்றுவட்டத் தோட்டங்களில் ஒரு காலத்தில் தோட்டத்து எஞ்சின் ஓடும் மட்டுந்தான் லயத்தில் விளக்கெரியும். அதே குரூணில்தான் மலேசிய மின்சாரமும் தாய்லாந்து மின்சாரமும் இன்று சந்திக்கின்றன.

முதல் இணைப்பு இங்கே அமையவில்லை. 1981-இல் பெர்லிசுக்கும் எல்லைக்கப்பாலுள்ள சடாவ் ஊருக்கும் இடையே மாறுதிசை மின்கம்பி ஒன்று வந்தது. சிறிய இணைப்பு அது. பெரிய அளவில் இணைப்பதென்றால் ஒரு சங்கடம் உண்டு. மாறுதிசை மின்சாரத்தில் இணைந்த இரு நாடுகள் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல. ஒன்று இடறினால் மற்றதன் கழுத்தும் இழுபடும். உள்நாட்டிலேயே இது நடந்ததுண்டு. 1996 ஆகஸ்டு 3 மாலை, திரங்கானுவில் பாக்கா மின்நிலையத்தருகே ஒரு கம்பித்தடம் அறுபட, தீபகற்பம் முழுவதும் இருண்டது. கெடாவும் தப்பவில்லை.

நீண்ட கம்பிகளுக்கு வேறிடங்களில் கண்ட வைத்தியம் தொடர் மின்தேக்கி. சுவீடனில் 1950-இல் 220 கிலோவோல்ட் கம்பியில் அதைப் பொருத்தினார்கள். கம்பியின் தூரமே குறைந்தாற்போல அது வேலை செய்யும். ஆனால் எங்கோ பழுது ஏற்பட்டால், பாயும் மின்னோட்டம் மின்தேக்கியையே வெடிக்கச் செய்துவிடும். அதைக் காக்க முதலில் தீப்பொறி இடைவெளி வைத்தார்கள். பிறகு துத்தநாக ஆக்சைடு கட்டிகள் வந்தன. காவல் வேலையைக் கணிப்பொறிகள் ஏற்றன. எத்தனை காவல் இருந்தாலும், அது நுகத்தை வலுப்படுத்துமேயன்றி அவிழ்க்காது.

குரூணில் நுகத்தையே அவிழ்த்துவிட்டார்கள். 2001-02 ஆண்டுகளில் செயலுக்கு வந்த இந்த இணைப்பு நேர்திசை மின்சாரத்தால் ஆனது: 300 கிலோவோல்ட், 300 மெகாவாட், சோங்க்லா மாநிலத்துக் குலோங் ஙே வரை 110 கிலோமீட்டர். இரு முனைகளிலும் தைரிஸ்டர் வால்வுகள் மின்சாரத்தை மாற்றித் தருகின்றன. இரு நாடுகளின் துடிப்பும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. எத்தனை மெகாவாட், எந்தத் திசை என்பதைக் கட்டுப்பாட்டு அறையே தீர்மானிக்கிறது; அங்கே பழுதென்றால், இங்கே வால்வுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்னோட்டத்தைக் கட்டிப்போடும். கடாரத்துக்கு இது புதிய காவல்!

2022 ஜூனில் லாவோஸ் நாட்டு நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியே சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியபோது, அதன் பாதையில் இந்தக் குரூணும் இருந்தது.