கையுஸ் வெர்ரெஸ்

கையுஸ் வெர்ரெஸ் (இறப்பு: கி.மு. 43) உரோமைக் குடியரசின் செனட் உறுப்பினரும் சிசிலி மாகாணத்தின் ஆளுநரும் ஆவார். ஆளுநராக இருந்தபோது மக்களிடம் பொருள் பறித்தார் என்ற குற்றச்சாட்டில் சிசெரோ இவர்மீது நடத்திய வழக்கு புகழ் பெற்றது.

தொடக்கப் பதவிகள்

கி.மு. 84இல் வெர்ரெஸ், கான்சல் கார்போவின் கீழ் குவெஸ்டராக (நிதி அலுவலர்) இருந்தார். பின்னர் உள்நாட்டுப் போரில் படைப்பணத்துடன் எதிரணித் தலைவர் சுல்லாவிடம் சேர்ந்தார். கி.மு. 80-79இல் சிலிசியா ஆளுநர் தோலபெல்லாவின் கீழ்ப் பணியாற்றினார். தோலபெல்லா உரோமில் விசாரிக்கப்பட்டபோது அவருக்கு எதிராகவே சாட்சி கூறினார். கி.மு. 74இல் உரோம் நகரப் பிரீட்டராக (நீதி நிருவாகி) இருந்தார்.

சிசிலி ஆளுநர்

கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்டார். அம்மாகாணம் உரோமுக்குத் தானியம் வழங்கிய முதன்மைப் பகுதிகளுள் ஒன்று. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கே அங்கு வரியாகும். வரி வசூலிப்போர் கேட்டதை உழவர்கள் முதலில் கொடுத்துவிட வேண்டும் என வெர்ரெஸ் ஆணையிட்டார். இதனால் லியோந்தினி பகுதியில் உழவர் எண்ணிக்கை மூன்றே ஆண்டுகளில் 84இலிருந்து 32 ஆகக் குறைந்தது என்கிறார் சிசெரோ. கோயில்களிலும் வீடுகளிலும் இருந்த சிலைகள் பறிக்கப்பட்டன. காவியுஸ் என்ற உரோமைக் குடிமகன் மெசானாவில் சிலுவையில் அறையப்பட்டார். குடிமக்களுக்கு இத்தண்டனை விதிப்பது சட்டத்திற்குப் புறம்பானதாகும்.

வழக்கு

சிசிலி மக்களின் வேண்டுகோளை ஏற்ற சிசெரோ, 50 நாட்களில் மாகாணம் முழுவதும் சான்றுகளைத் திரட்டினார். வழக்கைக் கேட்கும் நடுவர்கள் அனைவரும் செனட் உறுப்பினர்களே. வெர்ரெசின் வழக்கறிஞர் ஹோர்தென்சியுஸ் அடுத்த ஆண்டின் கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். எனவே வழக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட எதிர்த்தரப்பு முயன்றது. இதை உணர்ந்த சிசெரோ, கி.மு. 70 ஆகஸ்டில் வழக்கமான நீண்ட தொடக்கவுரையைத் தவிர்த்து, நேரடியாகச் சாட்சிகளை முன்னிறுத்தினார். தீர்ப்புக்கு முன்னரே வெர்ரெஸ் மசீலியாவுக்கு (இன்றைய மார்செய்) வெளியேறினார்.

விளைவுகளும் இறப்பும்

இவ்வெற்றியால் சிசெரோ உரோமின் முன்னணி வழக்கறிஞரானார். அதே ஆண்டு இயற்றப்பட்ட அவுரேலியச் சட்டம், நடுவர் குழுவில் செனட்டுக்கு வெளியே இருந்தோருக்கும் இடமளித்தது. கி.மு. 43இல் மார்க் அந்தோனியின் கொலைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு வெர்ரெஸ் கொல்லப்பட்டார். கொரிந்திய வெண்கலப் பொருள்களை அந்தோனிக்குத் தர மறுத்ததே காரணம் என்று மூத்த பிளினி குறிப்பிடுகிறார். சிசெரோவும் அதே ஆண்டு அதே முறையில் கொல்லப்பட்டார்.

வெர்ரெசைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை சிசெரோவின் உரைகளிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றுள் மிக நீண்ட பகுதி நீதிமன்றத்தில் பேசப்படாமல் எழுத்தில் மட்டும் வெளியிடப்பட்டதாகும். வெர்ரெஸ் தரப்பு வாதங்கள் எவையும் எஞ்சவில்லை.