நமத்த தாளும் ஜெராக்ஸ் கடையும்

தாம்பரம் காற்றுக்கும் நிலைமின்சாரத்துக்கும் ஆகாது. சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துணுக்கைத் தூக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். எண்ணெய்த் தலையும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் எங்கே தூக்குவது? உண்டான மின்னேற்றம் அப்போதே கசிந்துவிடும். டெரிகாட்டன் சட்டையைக் கழற்றும்போது மார்கழியில் எப்போதாவது சடசடக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் அந்த மின்னேற்றத்தை நம்பியே நான் பிழைத்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை.

அதற்கு முன்னால் ட்ரூ காப்பி என்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். மார்க்‌ஷீட்டை வரி பிசகாமல் அடித்து வாங்கி, கெசட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் பச்சை மைக் கையெழுத்துக்கு நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் பேடன்ட் ஆவணங்களோடு மல்லுக்கட்டிய செஸ்டர் கார்ல்சனுக்கும் இதே அலுப்பு. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில், அவரும் உதவியாளர் ஓட்டோ கோர்னியும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை இருட்டறையில் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியும் இடமும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்தது. எழுத்தின் நிழலில் தங்கியது. தூவிய பொடி அங்கே மட்டும் ஒட்டியது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியும் பல வருஷம் யாரும் சீந்தவில்லை. 1959-இல்தான் 914 என்ற மெஷின் வெளிவந்தது. இந்தியாவில் மோடி ஜெராக்ஸ் தொடங்கியது 1983-இல்.

என் மெஷினிலும் அதே சங்கதிதான். கைக்குட்டைக்குப் பதில் மெல்லிய கம்பி. அது பல ஆயிரம் வோல்ட்டில் டிரம்முக்கு மின்னேற்றும். இன்னொரு கம்பி தாளின் முதுகில் மின்னேற்றி, டிரம்மில் ஒட்டிய டோனரைத் தாளுக்கு இழுக்கும். பிறகு சூடான ரோலர் அதை உருக்கி அழுத்தும். தாள் நமத்திருந்தால் முதுகில் மின்னேற்றம் நிற்காது. எழுத்து திட்டுத்திட்டாக வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க இதே ரோதனை. ரிம்மைப் பிரித்தால் மீதியை உடனே பாலிதீன் பையில் கட்டவேண்டும். தாள் வைக்கும் மரப்பெட்டிக்குள் குண்டு பல்ப் ஒன்று ராப்பகலாக எரியும்.

கிறிஸ்தவக் கல்லூரிப் பிள்ளைகள் நோட்ஸோடு வருவார்கள். பரீட்சை முடிந்தால் காணாமல் போவார்கள். கடையைத் தாங்கி நிறுத்தியது மனைப் பத்திரங்கள்தான். சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று சுற்றுவட்டாரமே பிளாட்டாக மாறிய காலம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று பேங்க் லோனுக்கு மூன்று செட் கேட்பார்கள். சில வரைபடங்களில் பக்கத்து சர்வே எண்ணில் 'ஏரி' என்று இருக்கும். நகலில் அதுவும் பளிச்சென்றுதான் விழும். வாங்குகிறவர் கண்ணில் மட்டும் விழாது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஆவணங்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தியது. சொதசொதவென்ற பத்திரக் கட்டுகளோடு ஜனங்கள் கடைக்கு வந்தார்கள். கண்ணாடிமேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மூலம் ஈரமாக இருந்தால் பாதகமில்லை, அதன்மேல் வெளிச்சம்தானே படுகிறது. அப்போது ஒன்று கவனித்தேன். பேனாக் கையெழுத்தும் சீல் மையும் கரைந்து ஓடியிருந்தன. அதே பீரோவில் நனைந்த பழைய ஜெராக்ஸில் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. டோனர் கரியும் பிளாஸ்டிக்கும் கலந்த தூள்; உருகி ஒட்டியது தண்ணீருக்கு அசையாது.

"அண்ணே, ஒரிஜினல் போச்சு, உங்க ஜெராக்ஸ் நிக்குது" என்றார் ஒருவர். அதை வெயிலில் உலர்த்தி, அதிலிருந்தே இரண்டு நகல் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போனார்.