ஒருத்திக்காக ஆரம்பித்த கணக்குப் பாடம்



கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி. எங்கள் ஹாஸ்டல் வராந்தாவில் எட்டுப் பேர், எட்டு செல்போன். எல்லார் காதிலும் இயர்போன். யாரும் யாரிடமும் பேசவில்லை. ஒவ்வொருத்தனும் எங்கேயோ இருக்கும் ஒரு வாத்தியாரிடம் இன்டெக்ரேஷன் படித்துக்கொண்டிருந்தான். அவர்களில் பலர் நம்மிடம் பத்து பைசா வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர்கள். பரீட்சை முடிந்ததும் வீடியோவையும் மறந்தோம், வாத்தியாரையும் மறந்தோம்.

இந்த வாத்தியார்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று லீவில் தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

விடிகாலை ஆறரை மணி வகுப்பு

கொசுவர்த்திச் சுருளை 1957-க்குச் சுற்றுவோம். அந்த வருடம் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்காவுக்குத் தூக்கம் போயிற்று. நம் பிள்ளைகள் அறிவியலிலும் கணக்கிலும் பின்தங்கிவிட்டார்களோ என்ற பயம். 1958-ல் என்.பி.சி. தொலைக்காட்சி 'கான்டினென்டல் கிளாஸ்ரூம்' என்ற பாட நிகழ்ச்சியைத் தொடங்கியது. நேரம்? விடிகாலை ஆறரை மணி!

முதலில் இயற்பியல். 1960-61-ல் கணிதம் வந்தது. முதல் பாதியில் அல்ஜீப்ரா நடத்தியவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜான் கெல்லி. இரண்டாம் பாதியில் நிகழ்தகவும் புள்ளியியலும் நடத்தியவர் ஹார்வர்டின் ஃபிரெடரிக் மோஸ்டெல்லர். இரண்டு பேருமே அந்தத் துறையில் பெரிய தலைகள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கல்லூரியில் பதிவு செய்துகொண்டு, அதையே பாடமாகப் படித்துத் தேறியவர்களும் உண்டு.

குறை ஒன்றுதான். அன்று தூங்கிப்போனால் பாடம் போச்சு. நடுவில் ஒரு வரி புரியவில்லை என்றால், "சார், ஒரு நிமிஷம்" என்று மோஸ்டெல்லரை நிறுத்த முடியாது. ஊருக்கெல்லாம் சேர்த்து எடுத்த பாடம் அது. நமக்காக நிற்காது. 1963-ல் நிகழ்ச்சியே நின்றுபோனது.

2004: அலகு மாற்றத்தில் மாட்டிக்கொண்ட பெண்

இப்போது சல்மான் கான் வருகிறார். இந்தி நடிகர் இல்லை, இவர் வேறு. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பங்களாதேஷைச் சேர்ந்தவர், அம்மாவின் பூர்வீகம் இந்தியா. எம்.ஐ.டி.யிலும் ஹார்வர்டிலும் படித்துவிட்டு, 2004-ல் பாஸ்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நியூ ஆர்லியன்ஸில் அவருக்கு உறவுக்காரப் பெண் ஒருத்தி, பெயர் நாடியா, வயது 12. பள்ளியில் வைத்த கணக்குத் தேர்வில் அலகு மாற்றம் அவளுக்குப் புரிபடவில்லை. அதனால் அவளை மெதுவாகப் படிக்கும் பிரிவில் போட்டுவிட்டார்கள். பார்க்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பிரிவில் போனால் மேல் வகுப்புகளில் கால்குலஸ் பக்கமே போக முடியாமல் ஆகிவிடலாம். பன்னிரண்டு வயதில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. காரணம் அலகு மாற்றம்!

கான் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். எழுதிக் காட்டுவதற்கு, இரண்டு பேர் கணினியிலும் ஒரே நேரத்தில் தெரியும் யாஹூ டூடுல் என்ற எழுதுபலகை. ஆரம்பத்தில் நாடியா கேள்விக்குப் பதில் சொல்லவே பயந்தாள். மெல்ல மெல்லத் தேறினாள். மறுபடி தேர்வு எழுதினாள், தேர்ச்சியும் பெற்றாள். பிறகு அவள் தம்பிகள் சேர்ந்தார்கள். அப்புறம் மற்ற சொந்தக்காரர்கள். யார் எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, கணக்குகளைக் கொடுத்து விடையைச் சரிபார்க்கும் ஒரு சின்ன மென்பொருளையும் கானே எழுதினார்.

ஒரு கட்டத்தில் ஆள் அதிகம், நேரம் குறைவு. சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. "வீடியோவாகப் போட்டுவிடேன்" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். 2005-ல்தான் யூடியூப் பிறந்திருந்தது. பூனை பியானோ வாசிக்கிற இடத்தில் கணக்கா என்றுதான் கானுக்கும் முதலில் தோன்றியதாம். ஆனாலும் 2006 நவம்பரில் போடத் தொடங்கினார்.

அப்போது யூடியூபில் ஒரு வீடியோ பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதனால் பாடமும் பத்து நிமிடம். கறுப்புத் திரையில் கலர் கலராகக் கோடுகள், பின்னால் குரல். வாத்தியார் முகமே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து நம் நோட்டிலேயே ஓர் அண்ணன் போட்டுக் காட்டுவது போல இருக்கும்.

பிறகுதான் அந்த வேடிக்கை நடந்தது. நேரில் சொல்லிக்கொடுப்பதைவிட யூடியூபில் நீங்கள் சொல்வதுதான் நன்றாக இருக்கிறது என்று சொந்தக்காரப் பிள்ளைகளே அவரிடம் சொல்லிவிட்டார்கள்! 2011-ல் டெட் மேடையில் இதை அவரே சொன்னார். யோசித்தால் நியாயம்தான். ஏழாம் வகுப்பில் படித்த பின்னம் மறந்துபோனால், பதினொன்றாம் வகுப்பில் யாரிடம் போய்க் கேட்பது? வீடியோவை நான்கு முறை பின்னால் தள்ளிப் பார்த்தாலும் அது உச்சுக் கொட்டாது. மோஸ்டெல்லரின் மாணவர்களுக்குக் கிடைக்காத அந்த நிறுத்தும் பொத்தான் இப்போது மாணவன் கையில்.

வேலையை விட்ட கதை

முதல் மூன்று வருடம் கானுக்கு இது மாலை நேர வேலை. சம்பளம் எதுவும் இல்லை. 2009-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினார். சில மாதங்கள் சேமிப்பைக் கரைத்துத்தான் குடும்பம் ஓடியது. 2010-ல் ஆன் டோர் என்ற பெண்மணியின் நன்கொடை வந்தது. அதே வருடம் பில் கேட்ஸ், தன் பிள்ளைகளோடு இந்தப் பாடங்களைப் பார்ப்பதாகப் பொதுமேடையில் பேசினார். செப்டம்பரில் கூகுள் 20 லட்சம் டாலர் கொடுத்தது. கான் அகாடமி அலுவலகம், ஊழியர்கள் என்று வளர்ந்தது.

குறை சொன்ன இரண்டு வாத்தியார்கள்

இதுவரை கதை சுபமாகப் போகிறது. 2012-ல் ஒரு திருப்பம். மிச்சிகனில் உள்ள கிராண்ட் வேலி பல்கலைக்கழகத்தின் இரண்டு பேராசிரியர்கள், ஜான் கோல்டனும் டேவிட் காஃபியும், கானின் ஒரு பாடத்தை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கிண்டலடித்தபடியே அதன் குறைகளைச் சொல்லி ஒரு வீடியோ வெளியிட்டார்கள். அது குறை எண்களைப் பெருக்கும் பாடம்.

எனக்கு இது நெஞ்சில் தைத்தது. மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று ஏழாம் வகுப்பில் நான் கேட்டபோது, "அது ரூல், மனப்பாடம் பண்ணு" என்றுதான் பதில் வந்தது. காரணம் இரண்டே வரிதான். 2-உம் -2-உம் கூட்டினால் பூஜ்யம். அதை -3 ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வர வேண்டும். முதல் பகுதி, -3 பெருக்கல் 2, -6 ஆகிறது. அப்படியானால் -3 பெருக்கல் -2 என்பது +6 ஆக இருந்தால்தான் கூட்டினால் பூஜ்யம் வரும். வேறு வழியே இல்லை. இதை எனக்குச் சொல்ல ஒருவர் கிடைக்க ஆறு வருடம் ஆயிற்று. விதியை மட்டும் அழகாகச் சொல்லும் வீடியோ, விதியை மட்டும் சொல்லும் வகுப்பின் இன்னொரு நகல்தான்.

கான் என்ன செய்தார்? சண்டைக்குப் போகவில்லை. சீக்கிரமே அந்தப் பாடத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்து போட்டார். வகுப்பறையில் நடக்கும் பிழை அந்த நான்கு சுவருக்குள் போய்விடும். வீடியோவில் நடக்கும் பிழையை உலகமே பார்க்கும். அதனால் திருத்தவும் முடியும்.

சிட்னியில் இன்னொரு வாத்தியார்

அதே 2012-ல் ஆஸ்திரேலியாவிலும் ஒன்று நடந்தது. சிட்னியில் செர்ரிபுரூக் பள்ளியின் கணித ஆசிரியர் எடி வூ. அவர் மாணவர் ஒருவருக்குப் புற்றுநோய். பல நாட்கள் பள்ளிக்கு வர முடியவில்லை. அந்த ஒரு பிள்ளைக்காக வூ தன் வகுப்பைப் பதிவு செய்து இணையத்தில் போட்டார். வகுப்பில் இருந்த பிள்ளைகளே அதை வீட்டில் திரும்பப் பார்த்தார்கள். பிறகு மற்ற பள்ளிகள், பிறகு உலகம். பிள்ளைகள் 'வூடியூப்' என்று கூப்பிட்ட அந்த அலைவரிசை பெரிதாக வளர்ந்தது. 2018-ல் ஆஸ்திரேலிய அரசின் 'உள்ளூர் நாயகர்' விருது அவருக்குக் கிடைத்தது.

எனக்குப் புரிந்தது

கவனித்தீர்களா? ஊருக்கெல்லாம் என்று எடுத்த வகுப்பு விடிகாலையோடு போயிற்று. ஒரு நாடியாவுக்காக, ஒரு நோயாளிப் பிள்ளைக்காக எடுத்த பாடம்தான் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. இவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று பார்த்துச் சொன்ன பாடம் என்பதால், அதே இடத்தில் விழுந்த எல்லாருக்கும் பொருந்தியது.

ஆனால் நாடியாவுக்குக் கிடைத்த ஒன்று நமக்குக் கிடைக்கவில்லை. தொலைபேசியின் மறுமுனையில் அவளைக் கேட்டுக்கொண்டு ஓர் ஆள் இருந்தார். வீடியோவில் நாம் வாத்தியாரைக் கேட்கலாம், அவர் நம்மைக் கேட்க முடியாது. கலிஃபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் பள்ளிகள் 2010-11-ல் இதைச் சோதித்துப் பார்த்தன. பிள்ளைகள் அவரவர் வேகத்தில் பாடமும் பயிற்சியும் பார்க்க, ஆசிரியர் தவறிய பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வாத்தியார் தேவைப்படாமல் போகவில்லை. அவர் உட்காரும் இடம்தான் மாறியது.

அன்று ராத்திரி வராந்தாவில் எட்டு இயர்போன் இருந்ததே, அதில் ஒருத்தன் ஒரே கணக்கில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டான். அவன் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பேப்பர் அவனுக்கு அரியர். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். இரண்டு நிமிட வேலை.

அடுத்த பரீட்சைக்கு ஒரு காதிலாவது இயர்போனைக் கழற்றி வைப்பதாக இருக்கிறேன். நீங்களும் முயற்சி செய்து பாருங்களேன்.